உள்ளே வராதவர்

என்னிடம் அனுப்பப்பட்டவர்களில் அவர் ஒருவர்தான் கடைசிவரை என் அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி அது. பெங்களூரில் மனநல உளவியல் படித்து முடித்த கையோடு, திருத்தணியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அந்தப் படிப்புக்குச் சென்னையில் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. வீட்டில் அப்பா ஜாதகங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு, என் வேலை என்றைக்குப் போகும் என்று காத்திருந்தார். அதனால் என்ன ஆனாலும் அந்த வேலையை விடுவதில்லை என்று இருந்தேன்.

எனக்கு ஒதுக்கிய அறை, முன்பு மருந்துப் பெட்டிகள் அடுக்கிவைத்திருந்த இடம். தலைக்கு மேல் ஒரு சின்ன ஜன்னல், அதற்குக் கம்பி. கதவைச் சாத்தினால் பினாயில் நெடி மூச்சை முட்டும். திறந்து வைத்தால் வராந்தாவில் காத்திருப்பவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். தங்கியிருந்ததோ ஒரு நெசவுக் குடும்பத்தின் மாடியில். பகல் முழுக்கக் கீழே பவர்லூம் சத்தத்தில் தரை அதிரும். விளக்கு வைத்ததும் வீட்டுக்காரம்மா தெருக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். "வயசுப் பொண்ணு. நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசினா உங்க நைனாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்பார். அவர் சொல்வதில் தப்பும் இல்லை. இரண்டு அறைகளுக்கு நடுவில்தான் என் நாட்கள் போய்வந்தன.

வேலையிலும் அதே அடைப்புதான். நான் கற்ற கேள்விகள் இங்கிலீஷில் இருந்தன. அவற்றை நான் மனசுக்குள் தமிழாக்கிக் கேட்பேன். எதிரில் இருக்கிற பள்ளிப்பட்டுக்காரர் அதைத் தெலுங்கில் யோசித்துத் தமிழில் பதில் சொல்வார். "மனசு எப்படி இருக்கு?" என்றால், "காலு குடையுதுங்க" என்று பதில் வரும். முதல் சில மாதங்கள் அதை நான் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பிறகுதான், மனசைக் கேட்டால் காலைச் சொல்கிறவரிடம் காலைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று பிடிபட்டது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் வராந்தாவில் ரகளை. ஆர்.கே.பேட்டை போகிற வழியில் ஓர் அரிசி ஆலை இருந்தது. அதன் மேஸ்திரி, இருளர் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி. வராந்தாப் படி வரைக்கும் வந்தவர், வாசல் நிலையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். மேஸ்திரி தள்ளினார். அவர் தூணைக் கட்டிக்கொண்டார். வாயைப் பிளந்து பிளந்து மூச்சை இழுத்தாரே தவிர, சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது.

கூட வந்த அவர் மனைவி மேஸ்திரியின் கையைத் தட்டிவிட்டாள். "உட்ரு நீ. இழுத்தா வந்துடுமா?" என்றவள் என்னிடம் திரும்பினாள். "பாவா உள்ள வராது யம்மா. எங்க கதவு கீதோ அங்க வராது. வெளியவே வச்சி ஊசி போட்டு அனுப்பு. ஊசி போட்டா வேலைக்கு வந்துடும்னு மொதலாளி சொல்லிகினு கீறாரு."

அவள் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரி. தெலுங்கும் தமிழும் கலந்து வேகமாகப் பேசுவாள். புருஷனைப் 'பாவா' என்பாள். கணவரோ ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு பீடி பிடிக்கலாம் போலப் பேசுகிறவர்.

ஊசி எதுவும் போடவில்லை. சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு வேப்பமரம் இருந்தது. அங்கே போய் உட்காரலாமா என்று கேட்டேன். மேஸ்திரி டீக்கடைக்குப் போய்விட்டார். கணவர் சுற்றிலும் பார்த்து, ஆஸ்பத்திரியின் இரண்டு கேட்டுகளும் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்துக் குந்தினார். நான் எதிரில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "யம்மா, கொஞ்சம் நவுரு. நீ வழிய மறிச்சிகினு குந்திகினு கீற" என்றார். பார்த்தால், என் முதுகு பெரிய கேட்டை மறைத்துக்கொண்டிருந்தது. நகர்ந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம்தான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

அன்றைக்கு அதிகம் பேசவில்லை. வாரம் ஒருமுறை அழைத்துவரச் சொன்னேன். வேலைக்கு ஆள் திரும்ப வேண்டும் என்பதால் ஆலையிலும் சம்மதித்தார்கள். ஆஸ்பத்திரியில் அவருக்கு 'மரத்தடி கேஸ்' என்று பெயர் வைத்தார்கள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகும்போது நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சில வாரங்களில் நாற்காலியையும் விட்டுவிட்டேன்.

அவருக்கு நடந்தது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. அவர் நிறுத்துகிற இடத்திலிருந்து மனைவி எடுத்துக்கொள்வாள். அவள் தப்பாகச் சொன்னால் இவர் தலையை ஆட்டித் திருத்துவார்.

இருளர் குடும்பங்கள் சில அந்த ஆலைக் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தன. நெல்லை ஊறப்போடுவது, அவிப்பது, களத்தில் கொட்டிக் காலால் துழாவிக் காயவைப்பது எல்லாம் அவர்கள் வேலை. முன்பணம் என்று எப்போதோ ஒன்றை வாங்கி உள்ளே வந்தவர்களால் பிறகு வெளியே போகவே முடியவில்லை. கடைக்குப் போனாலும் ஒருவர் போனால் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். இருட்டியதும் கேட்டுக்குப் பூட்டு.

மாசி மகத்துக்கு இருளர்கள் மகாபலிபுரத்துக்குப் போவார்கள். பௌர்ணமி நிலவில் கடற்கரை மணலில் கூடி, கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். குழந்தைக்குப் பேர் வைப்பது, பெண் கேட்பது எல்லாம் அங்கேதான். அவருடைய மகளுக்கு அந்த வருஷம் அங்கே முடியிறக்குவதாக நேர்ந்திருந்தார். கேட்டதற்கு ஆலையில் விடவில்லை. அதனால் விடியும் நேரத்தில் சுவர் ஏறிக் குதித்து, மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருக்கிறார். கே.ஜி.கண்டிகையைத் தாண்டுவதற்குள் சைக்கிளில் துரத்திவந்து பிடித்துவிட்டார்கள். மகளை மனைவியிடம் விட்டுவிட்டு, அவரை உமி கொட்டுகிற அறையில் தள்ளிப் பூட்டினார்கள்.

"கழுத்து வரைக்கும் உமி யம்மா," என்றார் அவர். "காலு ஊனினா உள்ள போவுது. அசைஞ்சா மேல சரிஞ்சி வருது. மூச்ச இழுத்தா உமி, வுட்டா உமி. கதவத் தட்டினேன். அந்தாண்ட மிஷின் ஓடிகினு கீது. யாருக்குக் கேக்கும்?"

பௌர்ணமி வந்து போகும்வரை உள்ளேதான் இருந்தார்.

நான் படித்தபடி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. கேட்டேன். "உள்ளே இருந்தப்போ யாராவது பேசற மாதிரி குரல் கேட்டுச்சா?"

"ஆங்," என்றார் உடனே. "கன்னிம்மா வந்தா. ஏழு கன்னிங்களும் வந்தாங்க. கடல் காத்து வந்துச்சி. அந்த உமிக்குள்ள உப்பு வாசன அடிச்சிது. 'மூஞ்சிய வேட்டியால கட்டு, செவுத்தாண்ட படு'ன்னா. அப்டியே படுத்தேன். அதான் பொழச்சேன்."

பாடப்புத்தகத்தின்படி அந்தப் பதிலுக்கு ஒரு பெயர் உண்டு. பேனா கையில்தான் இருந்தது. ஆனால் அவர் மனைவி, ஏதோ பஸ் நேரம் சொல்கிறவளைப் போலத் தலையாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கேட்டேன்: "இப்ப மூச்சு அடைக்குதே, அதுவும் கன்னிம்மா வர்றதாலயா?"

"அய்யே!" என்று சிரித்தாள். "கன்னிம்மா எங்க வூட்ல எல்லாருக்குந்தான் வருவா. வந்தா ஆடும், சொல்லும், தண்ணி தெளிச்சா எறங்கிடும். அப்பால சோறு துன்னுட்டு வேலைக்குப் போவும். இது எறங்க மாட்டேன்னுது. இது சாமி இல்ல, பயம். ஆனா ஒண்ணு. கடலுக்கு வரேன்னு சொன்ன வாக்கு நின்னுபோச்சி. அது வேற பாவா நெஞ்சுல குந்திகினு கீது."

அன்றைக்கு எழுதிவைத்துக்கொள்ள எனக்கு வேறு ஒன்றும் தேவைப்படவில்லை. சாமி, பயம், நின்றுபோன வாக்கு என்று மூன்றையும் அவர்களே பிரித்து வைத்திருந்தார்கள். நான் வைத்தியம் பார்க்க வேண்டியது நடுவில் இருந்ததை மட்டும்தான்.

அதைத் தொடங்கினேன். மரத்தடியிலிருந்து வராந்தாப் படி வரைக்கும் சேர்ந்து நடப்போம். மூச்சு இழுக்க ஆரம்பித்தால் நின்று, அவர் சொல்கிற இடம் வரை பின்வாங்குவோம். படியில் உட்கார்ந்து பழகினார். ஒரு நாள் வராந்தாவில் நின்று, என் அறைக்குள் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். "நீ எப்டி யம்மா இதுக்குள்ள குந்திகினு கீற?" என்று கேட்டார்.

இதற்கிடையில் அவர் மனைவி ஒரு காரியம் செய்திருந்தாள். கொத்தடிமை முறை கூடாது என்று புதுச் சட்டம் வந்திருந்த சமயம். யாரோ சந்தையில் சொன்னதைக் கேட்டு, காம்பவுண்டில் இருந்த மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, நேரே தாலுக்கா ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். பூட்டிவைத்ததைச் சொல்லியிருக்கிறாள். சப்-கலெக்டர் நேரில் வந்து விசாரிப்பார் என்று பதில் வந்தது.

அடுத்த இரண்டாம் நாள் ஆலை முதலாளி என் அறைக்கு வந்தார்.

அவரை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியின் தர்மகர்த்தாக்களில் அவரும் ஒருவர். நான் உட்கார்ந்திருந்த கட்டடமே அவர் அம்மாவின் நினைவாகக் கட்டிக்கொடுத்ததுதான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, அதிராத பேச்சு. உள்ளே வந்ததும் அவரே கதவைச் சாத்தினார்.

"நான் ஒண்ணும் பொய் எழுதச் சொல்லலம்மா," என்றார். "அவன் புத்தி சரியில்லன்றது உனக்கே தெரியும். நீதானே வைத்தியம் பாக்கற? சாமி பேசுதுன்றான், உமியில கடல் தெரிஞ்சிதுன்றான். அத அப்டியே எழுது. மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரில சேத்துடலாம். செலவு என்னுது. அவனுக்கும் நல்லது."

"யோசிச்சு சொல்றேன் சார்" என்றேன்.

அவர் போனபிறகும் கதவைத் திறக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. மரத்தடிக்காரருக்கு நோய் இருக்கிறது என்று எழுதினால், பைத்தியம் சொல்வது சாட்சியாகாது என்று முடித்துவிடுவார்கள். மெட்ராசில் ஒரு கம்பிக்கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பார்கள். பூட்டினால் மூச்சு நிற்கிற ஆளுக்கு அதைவிடச் சாவு எது? நோயே இல்லை என்று எழுதினால், உமி அறை அவரை ஒன்றும் செய்யவில்லை என்றாகிவிடும். நல்லா இருக்கிறவனுக்கு என்ன விசாரணை என்பார்கள். எழுதாமலே விட்டால், எனக்குப் பதில் வேறு யாராவது எழுதுவார்கள்.

பெரிய டாக்டரிடம் போனேன். அறுபதை நெருங்கியவர், நல்ல மனிதர். அந்த ஆஸ்பத்திரியை விட்டால் அவருக்கும் வேறு இடம் இல்லை. பிறந்ததிலிருந்து திருத்தணிதான். ஆடிக் கிருத்திகைக்கு வருஷம் தவறாமல் காவடி எடுத்து மலையேறுகிறவர்.

"ஏம்மா, உண்மையிலயே அவனுக்கு என்ன?" என்று கேட்டார்.

"புத்தி தெளிவா இருக்கு சார். பூட்டின இடத்துல பயம். பூட்டினதால வந்த பயம். ரெண்டையும் சேர்த்துத்தான் எழுதப்போறேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நீ எழுதறத நான் தடுக்கல. ஆனா என் கையெழுத்து கேக்காத. ரெண்டு பொண்ணு இருக்கு எனக்கு."

டாக்டர் கையெழுத்து இல்லாமல் என் காகிதத்துக்கு மதிப்பு இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விசாரணைக்கு முன்வாரம், மரத்தடியில் அவர்கள் இருவரிடமும் நிலவரத்தை மறைக்காமல் சொன்னேன். முதலாளி என்ன கேட்டார், நான் என்ன எழுதியிருக்கிறேன், டாக்டர் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். "கன்னிம்மா வந்ததைச் சொன்னா, அத வச்சே பைத்தியம்பாங்க. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். நான் ரெண்டுக்கும் கூட நிப்பேன்."

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டிடா பொழச்சன்னு கேப்பாங்க இல்ல?" என்றார் கடைசியில்.

"கேப்பாங்க."

"அப்ப அத வுட்டுட்டு இன்னாத்த சொல்றது?"

விசாரணை தாலுக்கா ஆபீசில் நடந்தது. சப்-கலெக்டர் வடக்கத்தி இளைஞர். தமிழைப் புத்தகத்தில் கற்றிருந்தார். அறைக்குள் முதலாளி, அவருடைய வக்கீல், பெரிய டாக்டர் மூவரும் நாற்காலியில் இருந்தார்கள். டாக்டரை முதலாளிதான் அழைத்துவந்திருந்தார். நான் சுவரோரமாக நின்றேன். ஜன்னலை எல்லாம் வெயிலுக்காகச் சாத்தியிருந்தார்கள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டார்கள். வாசலில் அவர் மனைவியின் தலை தெரிந்தது. "பாவா இங்கதான் கீது. உள்ள வராது சாமி."

"அவர் எதற்காக உள்ளே வர மறுக்கிறார்?" என்று சப்-கலெக்டர் கேட்டார்.

வக்கீல் எழுந்தார். "மனநிலை சரியில்லாதவர் சார். அதைத்தான் சொல்லவந்தோம். இந்த அம்மாவே வைத்தியம் பார்க்கிறார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளியின் முகத்தில் கோபமில்லை. எதிர்பார்ப்புதான் இருந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன்.

"அவருக்கு மனநிலை சரியா இருக்கு சார்," என்றேன். "பூட்டின ரூம்ல வச்சதால கதவுன்னா மூச்சு அடைக்குது. அதுக்குத்தான் வைத்தியம். வெளியில வந்து கேட்டீங்கன்னா எல்லாத்தையும் சொல்லுவார்."

"எழுதித் தந்துள்ளீர்களா? மருத்துவர் ஒப்பமிட்டுள்ளாரா?"

"எழுதியிருக்கேன் சார். டாக்டர் கையெழுத்து இல்ல."

சப்-கலெக்டர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர், "நான் அவரைப் பரிசோதிக்கலை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே பார்த்தார்.

அந்த இளைஞர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்தார். "நான் வெளியே செல்கிறேன்" என்றார். குமாஸ்தா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். ஆபீஸ் முன்னால் ஜீப் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், வெட்டவெளியில், அவர் குந்தியிருந்தார். மகள் மடியில் இருந்தாள். சப்-கலெக்டர் நாற்காலியில் உட்காராமல் ஜீப்பில் சாய்ந்து நின்றார்.

"தங்களுக்கு நேர்ந்ததைக் கூறுங்கள்."

அவருக்குப் புரியவில்லை. மனைவியைப் பார்த்தார். "இன்னா நடந்திச்சின்னு கேக்குறாரு பாவா," என்றாள் அவள்.

சொன்னார். மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சுவர் ஏறியது, சைக்கிளில் வந்தவர்கள் யார் யார், உமி அறையின் கதவு எந்தப் பக்கம் திறக்கும், வெளியே எடுத்தபோது யார் தண்ணீர் ஊற்றினார்கள். எதையும் கூட்டவில்லை. முதலாளியின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பிறகு, எப்படி உயிர் பிழைத்தீர்கள் என்று சப்-கலெக்டர் கேட்டார். கன்னியம்மா வந்ததையும் அவர் அதே குரலில் சொன்னார்.

"பாத்தீங்களா சார்!" என்று வக்கீல் துள்ளினார். "இதுதான், இதுதான் நாங்க சொன்னது! டாக்டரையே கேளுங்க. இது பைத்தியமா இல்லையா?"

டாக்டர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். வேர்வை காதோரம் வழிந்தது. எதிரே மலை தெரிந்தது. அவர் அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. தன்னை அறியாமல் வந்ததைப் போலச் சொன்னார்.

"அப்டிப் பாத்தா ஆடிக் கிருத்திகை அன்னிக்கு மலைமேல பாதி ஜனத்துக்கு நான் சர்டிபிகேட் எழுதணும் சார். எனக்கும் சேத்து."

குமாஸ்தா சிரித்துவிட்டார். சப்-கலெக்டருக்கு முதலில் விளங்கவில்லை. குமாஸ்தா விளக்கியதும், அவர் டாக்டரை ஒரு மாதிரியாகப் பார்த்து, தலையை அசைத்து எழுதிக்கொண்டார். முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தார். டாக்டரைக் கூப்பிடவில்லை. டாக்டரும் நானும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே திரும்பினோம். வழியில் அவர், "உள்ள வராது சாமின்னு அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு சொன்னப்பவே நான் பேசியிருக்கணும்," என்றார். அவ்வளவுதான்.

அந்த மாதமே ஆலையிலிருந்து எல்லாக் குடும்பங்களும் வெளியே வந்தன. வழக்கு என்று ஒன்று நடந்ததாகச் சொன்னார்கள். முதலாளிக்குத் தண்டனை எதுவும் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. அதற்குப் பிறகும் அவரைக் கோயில் விசேஷங்களில் முன்வரிசையில் பார்த்திருக்கிறேன். வெளியே வந்தவர்களுக்கு கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஏரிப் புறம்போக்கில் இடம் காட்டினார்கள். டாக்டரை யாரும் ஒன்றும் செய்யவில்லை; அவர் இல்லாமல் ஆஸ்பத்திரி ஓடாது. என் அறை எக்ஸ்ரே மிஷின் வைக்கத் தேவைப்படுவதாகச் சொன்னார்கள். கோடைக்குள் அறையோடு வேலையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

போவதற்குள் மாசி வந்தது. அவர்கள் கூட்டமாக ஒரு திறந்த லாரியில் மகாபலிபுரம் போனார்கள். திரும்பிவந்து, மொட்டையடித்த மகளைக் காட்டுவதற்காக மரத்தடிக்கு வந்தார்கள். குழந்தை தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"எப்டி இருக்கு மூச்சு?" என்று கேட்டேன்.

"வாக்கு எறங்கிடுச்சி யம்மா," என்றார். நெஞ்சைத் தடவிக்காட்டினார். முகத்தில் நான் அதுவரை பார்க்காத தெளிவு இருந்தது. பிறகு கட்டடத்தைத் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு, "இது மட்டும் கீது" என்றார்.

இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தால் அதையும் இறக்கியிருக்கலாமோ என்று நினைத்துக்கொள்வேன். தெரியவில்லை. நான் சென்னைக்குத் திரும்பினேன். அப்பா ஜாதகத்தை எடுத்தார். கல்யாணமும் ஆனது. மூன்று வருஷம் வேலை என்ற பேச்சே எடுக்காமல் ஒரு சமையலறையில் நின்றேன். பிறகு ஒரு கல்லூரியில் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

எண்பதுகளில் ஒருமுறை, பள்ளிப்பட்டில் ஒரு கல்யாணத்துக்காகத் திருத்தணியில் இறங்கி பஸ் மாறினேன். ஐப்பசி மழை. கூட்டம் நெருக்கியது. உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், முன் படியில் அவர் மனைவி ஏறிக்கொண்டிருந்தாள். தலை லேசாக நரைத்திருந்தது. பின்னால் அவர். என்னைக் கண்டதும் இருவருக்கும் வாயெல்லாம் பல். "யம்மா! நல்லா கீறியா?" என்று அங்கிருந்தே கத்தினாள். அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டில் இருப்பதாகவும், பாவா மட்டும் வெளியே கட்டிலில் படுப்பதாகவும், மகள் படிப்பதாகவும், சவுக்குத் தோப்பில் வேலை கிடைப்பதாகவும் ஒரே மூச்சில் சொன்னாள்.

மழை சாய்வாக அடிக்க ஆரம்பித்தது. கண்டக்டர், "தார்ப்பாய எறக்குங்கப்பா!" என்று குரல் கொடுத்தார். இரண்டு பக்கமும் ஜன்னல்களின் தார்ப்பாய் மடமடவென்று இறங்கியது. பஸ்ஸுக்குள் இருட்டிவிட்டது. யாரோ பின்கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

அவர் முகம் மாறியது. மனைவி தோளைத் தொட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஏறுகிறவர்களை விலக்கிக்கொண்டு முன் படி வழியாக இறங்கிவிட்டார்.

"மழ வுட்டதும் அடுத்த வண்டில வரட்டுமே," என்றேன் அவளிடம்.

"வராது யம்மா. நடந்துடும். அதுக்கு நட ஒண்ணும் புதுசில்ல," என்றாள். சொல்லிக்கொண்டே கூடையைக் காலுக்கடியில் தள்ளி உட்கார்ந்தாள்.

பஸ் நகர்ந்தது. என் பக்கத்துத் தார்ப்பாயின் கீழ்முனையை விரலால் தூக்கிப் பார்த்தேன். சாரல் முகத்தில் அடித்தது. பக்கத்து சீட்டுக்காரர் முனகினார். சாலையோரத்தில் அவர் தலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, கை வீசி, நல்ல வேகமாக நடந்துகொண்டிருந்தார். பஸ் அவரைக் கடந்து போனது.